369 நோட்டும் சப்ளிமினல் ஆடியோவும்: ப்ளஸ் ஒன்னிலிருந்து காலேஜ் வரை பயன்படுத்திய அனுபவம்

369 முறை தெரியாதவர்களுக்காக முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நமக்கு வேண்டியதை, ஏற்கெனவே நடந்துவிட்ட மாதிரி ஒரே வாக்கியமாக நோட்டில் எழுத வேண்டும். காலையில் 3 தடவை, மதியம் 6 தடவை, ராத்திரி 9 தடவை. சப்ளிமினல் ஆடியோ இதோடு ஒட்டிக்கொண்டே வரும். மேலே மழைச் சத்தமோ பியானோவோ கேட்கும். அதற்கு அடியில், காதுக்கு எட்டாத அளவில், "எல்லோருக்கும் என்னைப் பிடிக்கும்" என்கிற ரக வாக்கியங்கள் ஓடுவதாகச் சொல்வார்கள். ஒரு வாரம் செய்துவிட்டு "லைஃபே மாறிடுச்சு" என்று வீடியோ போடுபவர்கள் எக்கச்சக்கம். வருடக்கணக்கில் பயன்படுத்தியவர் எழுதி நான் எதையும் பார்த்ததில்லை. அதனால்தான் இது.

நான் பத்தாவதில் ஆல் பாஸ் போடப்பட்ட 2021 பேட்ச். அப்பாவுக்கு மாற்றல் வந்ததால் ப்ளஸ் ஒன்னுக்குப் புது ஊர், புதுப் பள்ளி. செப்டம்பர் 1-ஆம் தேதி ஒன்பதாம் வகுப்பு முதல் பள்ளிகளைத் திறந்தபோது எல்லோர் முகத்திலும் மாஸ்க். ஆறாவதிலிருந்து ஒன்றாகப் படித்தவர்களுக்கு மாஸ்க்குக்கு மேலே தெரிகிற கண் போதும். எனக்கு முகங்களே பிடிபடவில்லை. லாக்டவுனில் அவர்கள் ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப்புகள் வேறு இருந்தன. முந்தின ராத்திரி அதில் ஓடிய ஜோக்குக்கு மறுநாள் காலை வகுப்பே சிரிக்கும்.

பிறந்தநாள் என்றால் கலர் டிரெஸ் போட்டுக்கொண்டு சாக்லேட் டப்பாவோடு ஸ்டாஃப் ரூமுக்கும் பக்கத்து செக்‌ஷன்களுக்கும் போவது எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான். தனியாகப் போகக் கூடாது, கூட ஒருத்தியை அழைத்துப் போக வேண்டும். யாரை அழைக்கிறாள் என்பதில்தான் வகுப்பின் மொத்த அரசியலும் இருக்கிறது. அழைக்கப்பட்டவளுக்கு அரை பீரியட் ஊர்சுற்றல், அழைக்கப்படாதவளுக்கு ஒரு வாரம் மூஞ்சி தூக்கல். எனக்கு அழைக்க யாருமில்லை. யூனிஃபார்மிலேயே போய்விட்டு வந்தேன். வீட்டில் கேட்டதற்கு, கொரோனாவால் சாக்லேட்டுக்குத் தடை என்று சொல்லிவிட்டேன். ரீல்ஸில் இந்த 369 கண்ணில் பட்டது கிட்டத்தட்ட அந்த நாட்களில்தான்.

"நிகோலா டெஸ்லாவின் ரகசியம்" என்று அடித்து விற்பார்கள். கண்டுபிடிப்பாளரான டெஸ்லா அப்படிச் சொன்னதற்கு நம்பும்படியான ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் பதினாறு வயதில் ஆதாரம் யார் கேட்டார்கள்? நோட்டில் எழுதினால் நடக்கும் என்பது எங்கள் வீட்டுக்குப் புதுசும் இல்லை. பாட்டி ஸ்ரீராமஜெயம் எழுதி நோட்டு நோட்டாக ஆஞ்சநேயர் கோயிலில் கொடுப்பவர். அத்தைக்கு வரன் அமைந்ததற்கு அவர் காட்டும் காரணமே அதுதான்.

இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அது எனக்கு ரொம்பப் பின்னால்தான் உறைத்தது. பாட்டி திண்ணையில் உட்கார்ந்து எழுதுவார். கீரைக்காரம்மாவிடம் பேரம், எதிர்வீட்டு மாமியிடம் முட்டிவலி விசாரிப்பு, நடுநடுவே ராமஜெயம். 369-க்கோ யாருக்கும் சொல்லக் கூடாது என்பது விதி. சொன்னால் பலிக்காது. அப்புறம் அந்த மதியம் 6 தடவை! பள்ளியில் மதியம் என்றால் சாப்பாட்டு நேரம். மணி அடித்ததும் மற்றவர்கள் பெஞ்சுகளை இழுத்துப் போட்டு, டப்பா மூடியில் ஆளுக்கொரு கரண்டி குழம்பு மாற்றிக்கொள்வார்கள். நான் வேகமாக நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, கடைசி பெஞ்சில் நோட்டை மடியில் வைத்து "என் வகுப்பில் எல்லோரும் என்னோடு பேச ஆசைப்படுகிறார்கள்" என்று எழுதிக்கொண்டிருப்பேன். பேசுவதற்கென்று ஒரு நாளில் கிடைக்கிற ஒரே அரை மணி நேரம் அது. இந்த முறையின் ஆகப் பெரிய டிசைன் கோளாறு என்று இதைத்தான் சொல்வேன்.

எழுதும்போது நன்றாக இருக்கும், அதை மறுக்க மாட்டேன். ஒன்பதாவது வரி முடியும்போது நிஜமாகவே நாலு பேர் தோளில் கை போட்ட மாதிரி ஒரு இதம். அந்த இதமே பிரச்சினை என்று சொல்கிற ஆராய்ச்சி இருக்கிறது. கேப்ரியல் எட்டிங்கன் என்ற உளவியலாளரும் ஹெதர் காப்பெஸும் 2011-இல் வெளியிட்டது. விரும்பியது நடந்துவிட்டதாக இனிமையாகக் கற்பனை செய்தவர்களுக்கு ரத்த அழுத்தமே சற்று இறங்கியது. அதாவது உடம்பு வேலை முடிந்தது என்று தளர்ந்துவிட்டது. காதலைச் சொல்லாமல் மனதில் வைத்திருந்த மாணவர்களையும் எட்டிங்கன் இதற்கு முன்பே ஆராய்ந்திருக்கிறார். யார் அதிகமாக இன்பக் கனவு கண்டார்களோ அவர்களுக்குத்தான் கைகூடுவது குறைவாக இருந்தது. காலேஜில் சைக்காலஜி அலைடு பேப்பரில் இதைப் படித்தபோது என் கடைசி பெஞ்ச் ஞாபகத்துக்கு வந்தது.

ஆடியோவுக்கு வருவோம். யூடியூபில் இலவசம், நடுவில் விளம்பரம் வந்து தூக்கத்தைக் கெடுக்கும். "உங்கள் பெயர் போட்டுத் தயாரித்த ஸ்பெஷல் ஆடியோ" என்று ஜிபேயில் காசு வாங்கிக்கொண்டு அனுப்புபவர்களும் உண்டு. ஒருவரிடம் நானும் வாங்கினேன். என் பெயர் அதில் இருந்ததா என்று எப்படித் தெரியும்? கேட்கவே கூடாது என்பதுதானே சரக்கின் சிறப்பு! பயன்படுத்துகிற பிள்ளைகளுக்குள் ஒரு பயமும் சுற்றும்: அடியில் யாரோ கெட்ட வாக்கியத்தைக் கலந்துவிட்டார்கள், அதைக் கேட்டு ஒருத்திக்கு முடி கொட்டியது என்றெல்லாம். எனக்கு வந்த பக்கவிளைவு ஒன்றே ஒன்று. ராத்திரி முழுக்க இயர்போன் மாட்டியதில் இடது காதில் புண்.

சப்ளிமினல் கதையின் ஆரம்பமே கோணல்தான். 1957-இல் ஜேம்ஸ் விக்கரி என்ற அமெரிக்க விளம்பர ஆசாமி, சினிமா ஓடும்போது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் "பாப்கார்ன் சாப்பிடு" என்று காட்டியதில் விற்பனை எகிறியதாக அறிவித்தார். 1962-இல் அவரே, போதிய தரவு இல்லாமல் கிளப்பிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். ஆடியோவுக்கு நேரடிச் சோதனையும் நடந்திருக்கிறது. 1991-இல் ஆந்தனி கிரீன்வால்டும் குழுவினரும் ஞாபகசக்திக்கு ஒன்று, தன்னம்பிக்கைக்கு ஒன்று எனக் கடையில் விற்கும் கேசட்டுகளை வாங்கி, பாதிப்பேருக்கு லேபிளை மாற்றி ஒட்டிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கேட்ட பிறகு அளந்து பார்த்தால் இரண்டிலும் பலன் இல்லை. ஆனால் கேட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள், லேபிளில் என்ன எழுதியிருந்ததோ அது தங்களுக்குக் கூடியதாக நம்பினார்கள். நான் காசு கொடுத்து வாங்கியதும் லேபிள்தான்.

"அப்படியானால் ஒரு தடவைகூடப் பலிக்கவில்லையா?" என்று கேட்டால், பலித்தது. ப்ளஸ் டூவில் ஆண்டு விழா அன்று தொகுத்து வழங்க வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். தமிழ் மிஸ் என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார். நன்றாகவே பேசினேன். மறுநாளிலிருந்து சின்ன வகுப்புப் பிள்ளைகள் வரை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனால் "அக்கா, நீங்கதானே?" என்பார்கள். நோட்டில் எழுதியதெல்லாம் அட்சரம் பிசகாமல் நடந்தது. ஆனால் மதியம் மணி அடித்ததும் எல்லோரும் அவரவர் செட்டோடு உட்கார்ந்தார்கள், நான் என் இடத்தில். பிரபலம் என்பதில் இரண்டு ரகம் இருப்பதாக மிட்ச் பிரின்ஸ்டீன் என்ற உளவியலாளர் பிரித்துக் காட்டுகிறார்: எல்லோருக்கும் தெரிந்த ஆள், எல்லோருக்கும் பிடித்த ஆள். நான் வரம் கேட்டபோது இந்த வித்தியாசத்தைக் குறிப்பிடவில்லை. முதல் ரகம் டெலிவரி ஆனது.

பேச ஆள் கிடைத்தது இதற்குப் பிறகு, நோட்டுக்குச் சம்பந்தமே இல்லாத வழியில். பப்ளிக் எக்ஸாமுக்காக மாலை ஸ்பெஷல் கிளாஸ் வைத்தார்கள். ரிஜிஸ்டர் நம்பர் வரிசையில்தான் உட்கார வேண்டும், இடம் மாறக் கூடாது. என் இடது பக்கம் ஒருத்தி, வலது பக்கம் ஒருத்தி, தினமும் அதே இருவர். முதல் வாரம் அவர்களில் ஒருத்தி ஸ்கேல் கேட்டாள். அடுத்து, சுண்டல் வாங்கப் போகிறேன், உனக்கும் வேண்டுமா என்று கேட்டாள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1992-இல் ஒரு சோதனை: நான்கு பெண்களை ஒரு வகுப்புக்கு முறையே 0, 5, 10, 15 தடவை அனுப்பினார்கள். யாரிடமும் பேசாமல் உட்கார்ந்து எழுந்து வந்தார்கள், அவ்வளவே. செமஸ்டர் முடிவில் மாணவர்களிடம் படங்களைக் காட்டிக் கேட்டபோது, அதிகத் தடவை வந்த பெண்ணையே அதிகம் பிடித்திருந்தது. எங்கள் ஹெட்மாஸ்டருக்கு இந்த ஆராய்ச்சி தெரிந்திருக்காது. காப்பி அடிப்பதைத் தடுக்கத்தான் அப்படி உட்கார வைத்தார்.

காலேஜ் வந்தும் பழக்கத்தில் கொஞ்ச நாள் எழுதினேன். இப்போது நோட்டு இருக்கிறது, முறை வேறு. எட்டிங்கனே சொல்வது: ஆசையை எழுதிய கையோடு, அதற்குக் குறுக்கே நம்மிடம் நிற்பது எது என்று எழுத வேண்டும். அதன் கீழே, இது வந்தால் இதைச் செய்வேன் என்று ஒரு வரி. என் நோட்டில் இருப்பது: "கூட்டமாகப் பேசிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் போனை எடுக்கத் தோன்றும். தோன்றினால், போனைப் பைக்குள் போட்டுவிட்டு, 'ரெக்கார்டு எப்ப சப்மிட் பண்ணணும்?' என்று கேட்பேன்." ஒரு தடவை எழுதினால் போதும், 18 தடவை வேண்டாம். எல்லா நாளும் வேலை செய்வதில்லை. சில நாள் ரெக்கார்டு தேதியை மட்டும் தெரிந்துகொண்டு திரும்பி வந்திருக்கிறேன்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? எழுதினால் மனசு அடங்குகிறது என்றால் ராத்திரி 9 தடவையை வைத்துக்கொள்ளுங்கள், அதில் கெடுதல் இல்லை. மதியம் எழுதாதீர்கள். ஆடியோவுக்குக் காசு கட்டாதீர்கள். மழைச் சத்தம் வேண்டுமென்றால் வெறும் மழைச் சத்தமே இலவசமாகக் கிடைக்கிறது, ஸ்பீக்கரில் மெதுவாக வைத்துக் கேட்கலாம். போன மாதம் ஒன்பதாவது படிக்கிற சித்தி பெண், "அக்கா, நல்ல ஆடியோ லிங்க் இருந்தா அனுப்பேன்" என்று கேட்டாள். எந்த பஸ்ஸில் பள்ளிக்குப் போகிறாய் என்று கேட்டேன். வேனில் போகிறாளாம், டிரைவர் அண்ணா பக்கத்து சீட்டில். பின்னால் போய் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.