ஏழு மட்டைகளும் ஒரு திங்கட்கிழமையும்: பழைய கோல்ஃப் அரை செட் பற்றிய மதிப்பீடு

கொடைக்கானலில் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஒரு சபையில் நான் போதகராக இருக்கிறேன். பதினான்கு மாதங்களுக்கு முன், அகவிலைப்படி நிலுவை மொத்தமாகக் கைக்கு வந்தபோது, அதில் பிள்ளைகளின் கட்டணம் போக எஞ்சிய பணத்தில், சென்னையில் உள்ள ஒரு கடையிலிருந்து ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய கோல்ஃப் அரை செட் ஒன்றைப் பையோடு சேர்த்து 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். வத்தலக்குண்டு வரை பார்சல் பஸ்ஸில் வந்த அந்தப் பையை, மாவட்டக் கூட்டத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் நானே இறங்கி எடுத்துக்கொண்டு மலையேறினேன். அன்று முதல் மழை விட்ட திங்கட்கிழமைகளில் எல்லாம் பயன்படுத்திய அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

கோல்ஃப் விதிப்படி ஒருவர் அதிகபட்சம் 14 மட்டைகளை எடுத்துச் செல்லலாம். 1930களின் இறுதியில் வந்த வரம்பு இது. அரை செட் என்பது அதில் பாதி. எனக்கு வந்தவை நெடுந்தூரம் அடிப்பதற்கான ஒரு மூன்றாம் எண் வுட், வுட்டுக்கும் ஐயர்னுக்கும் இடைப்பட்ட ஒரு ஹைப்ரிட், 5, 7, 9 ஆகிய எண்களில் மூன்று ஐயர்ன்கள் (இரும்புத் தலை மட்டைகள்; எண் கூடக் கூடத் தூரம் குறையும்), மணல் பள்ளத்திலிருந்து பந்தைத் தூக்கி அடிக்கும் ஒரு சாண்ட் வெட்ஜ், பந்தைக் குழிக்குள் உருட்டும் ஒரு பட்டர் என ஏழு. எங்கள் சபைகளில் போதகரை ‘ஐயர்’ என்று அழைக்கும் பழைய வழக்கம் இன்னும் இருப்பதால், ‘ஐயர் வீட்டு ஐயர்ன்’ என்ற வேடிக்கையை எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் முதல் நாளே தொடங்கிவிட்டான். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வரை அது பரவியும்விட்டது.

போதகரின் வாரத்தைத் தெரிந்தவர்களுக்கு நான் ஏன் முழு செட்டுக்குப் போகவில்லை என்பது விளங்கும். சனிக்கிழமை பிரசங்க ஆயத்தமும் பாடற்குழு ஒத்திகையும், ஞாயிறு காலையில் இரண்டு ஆராதனைகளும், மாலையில் கிளைச்சபை ஆராதனையும் முடிந்து, எனக்கென்று இருப்பது திங்கள் காலை மட்டுமே. அதுவும் சாவு வீடு, மருத்துவமனை, திடீரென வந்து நிற்கும் கல்யாணப் பேச்சு என்று எது வந்தாலும் விட்டுக்கொடுக்க வேண்டிய காலை. சபை உறுப்பினரான, ஓய்வு பெற்ற ஒரு மருத்துவரின் விருந்தினராக இங்குள்ள கோல்ஃப் கிளப்பில் ஒன்பது குழிகள், அதாவது அரை ஆட்டம், ஆடிவிட்டு, பதினொரு மணிக்குள் போதகர் இல்லமான குருமனைக்குத் திரும்புவதே என் வழக்கம். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும் இந்த ஆட்டத்துக்குப் பதினான்கு மட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்குவது வீண். முழு செட் நிரம்பிய பை பன்னிரண்டு கிலோவைத் தாண்டும். என்னுடையது பந்துகள், குடை, தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஏழு கிலோவுக்குள் அடங்குகிறது. பை இலகுவாக இருக்கிறது என்பதற்காக அதைச் சுமக்கும் தம்பியின் கூலியைக் குறைப்பது எனக்கு ஒப்பவில்லை. அவர் என்னை ‘ஃபாதர்’ என்று அழைப்பதைத் திருத்துவதையும் நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

இந்தப் பையின் அருமை எனக்குப் புரிந்தது ஜூலை மாதத்து ஒரு திங்கட்கிழமையில். ஐந்தாவது குழியில் நிற்கும்போது என் மனைவி கைபேசியில் அழைத்து, “என்னங்க, கீழத் தெரு பாட்டி தவறிட்டாங்க, வீட்டுல உங்களத்தான் எதிர்பார்த்துட்டு இருக்காங்க” என்றாள். அன்று பை சுமக்கும் தம்பியும் வரவில்லை. முழு செட்டாக இருந்திருந்தால் அதை யாரிடமாவது ஒப்படைக்க ஆள் தேட வேண்டியிருந்திருக்கும். நான் பையை இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு நேராகக் காருக்கு நடந்தேன். ஈரமான ஆணிச் செருப்பைக் கழற்றிச் சாதாரணச் செருப்பைப் போட்டு, பின்னிருக்கையில் எப்போதும் தொங்கும் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, இருபது நிமிடத்தில் அந்த வீட்டின் முற்றத்தில் ஜெபித்துக்கொண்டிருந்தேன். முழங்காலுக்குக் கீழே சேறு ஒட்டியிருந்ததை அங்கி மறைத்துவிட்டது.

மட்டைகளின் தரத்துக்கு வருகிறேன். ஐயர்ன்களின் முகத்தில் தேய்மானம் குறைவு. பந்தைச் சுழலச் செய்யும் கோடுகள் இன்னும் கூர்மையாகவே இருக்கின்றன. ஷாஃப்ட்டுகள், அதாவது மட்டையின் தண்டுகள், எஃகு; வுட்டுக்கும் ஹைப்ரிட்டுக்கும் மட்டும் கிராஃபைட். ஐம்பது வயதைத் தொடும் எனக்கு எஃகு சற்றுக் கனம்தான், ஆனாலும் பந்து எங்கே பட்டது என்பதைக் கை உடனே உணர்கிறது. கைப்பிடி உறைகளான கிரிப்புகள்தான் முதல் ஏமாற்றம். விளம்பரப் படத்தில் கறுப்பாக மின்னியவை நேரில் காய்ந்த ரப்பராக இருந்தன. மலைப் பனியில் ஈரம் பட்டால் மட்டை கைக்குள்ளேயே திரும்பும். பழைய கிரிப்பைக் கத்தியால் கீறி உரித்து, இருபுறமும் ஒட்டும் டேப்பைச் சுற்றி, அதன்மேல் சிறிது பெட்ரோல் விட்டுப் புதியதை ஒரே இழுப்பில் ஏற்றும் வேலையை, நெருப்பில்லாத திறந்த திண்ணையில், நானும் மகனும் ஒரு சனிக்கிழமை பகலில் செய்து முடித்தோம். இதற்குக் கூடுதலாக ஏறக்குறைய 3,000 ரூபாய் ஆனது. ஆகவே இந்தச் செட்டின் உண்மையான விலை 17,000 என்றே கணக்கிட வேண்டும்.

இரண்டாவது ஏமாற்றம் இதைவிடப் பெரியது. மூன்றாம் மாதத்தில் 7 ஐயர்னின் தலைக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையில் உள்ள கறுப்பு வளையம் நகர்ந்து, ஒரு நூலிழை இடைவெளி தெரிந்தது. பிளாஸ்டிக் வளையம் குளிரில் சுருங்கியிருக்கும் என்று நினைத்து அதை அலட்சியம் செய்தது என் தவறு. அடுத்த வாரம் ஓங்கி அடித்தபோது மட்டையின் தலை கழன்று பந்தைவிட ஐந்தாறு அடி கூடுதலாகவே பறந்து விழுந்தது. நல்லவேளையாக அந்தத் திசையில் ஆளில்லை. கடைக்குத் தொலைபேசியில் சொன்னதற்கு, “பழைய சாமானுக்கு கேரண்டி கிடையாது சார்” என்ற ஒரே வாக்கியம்தான் பதிலாக வந்தது. உத்தரவாதம் இல்லை என்பதை விற்கும்போதே சொல்லியிருந்தால் மனம் இவ்வளவு கசந்திருக்காது.

பழுது பார்ப்பது கடினமான வேலையல்ல. தலையின் துளைக்குள்ளும் ஷாஃப்ட்டின் நுனியிலும் இருந்த பழைய பசையை உப்புத்தாளால் சுரண்டி எடுத்து, இரண்டு குழாய்ப் பசைகளைச் சமமாகக் கலந்து பூசிச் செருகினால் போதும். ஆனால் இந்தப் பசை இறுகுவதற்குச் சூடு வேண்டும். டிசம்பர் மாதத்துக் கொடைக்கானலில் அது ஓர் இரவில் நடக்கிற காரியமல்ல. ஆகவே அடுப்புக்குச் சற்றுத் தள்ளி, சுவரோரமாக மட்டையை இரண்டு நாள் சாய்த்து வைத்தேன். “ஏங்க, கிறிஸ்மஸ் பலகாரத்துக்கே இடமில்லாத அடுப்படியில இந்த இரும்பு எதுக்கு?” என்று கேட்டாலும், அது கீழே சரியாமலிருக்க மாவுச் சம்படத்தை முட்டுக்கொடுத்து வைத்தது என் மனைவிதான். இன்றுவரை அந்த ஒட்டு அசையவில்லை.

அரை செட்டுக்கே உரிய குறை வேறொன்று உண்டு. 5, 7, 9 என்று ஒன்றுவிட்டு ஒன்றாக இருப்பதால், இரண்டு மட்டைகளுக்கு இடைப்பட்ட தூரத்துக்குக் கையை அடக்கி அடிக்கப் பழக வேண்டும். அது ஆட்டக்காரனுக்கு நல்ல பயிற்சி என்றே சொல்வேன். ஆனால் மட்டை முகத்தின் சாய்வு கூடக் கூடப் பந்து உயர எழும்பிக் குறைந்த தூரமே போகும்; 9 ஐயர்னின் சாய்வு ஏறத்தாழ 42 பாகை, சாண்ட் வெட்ஜின் சாய்வு 56 பாகை. இந்தப் பதினான்கு பாகை இடைவெளியைப் பயிற்சியால் நிரப்ப முடியவில்லை. எண்பது, தொண்ணூறு கஜத்தில் நிற்கும்போது ஒன்று பந்து குழியைச் சுற்றியுள்ள ‘கிரீன்’ என்ற புல்தரையைத் தாண்டி ஓடுகிறது, அல்லது பாதி வழியில் விழுகிறது. ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் சமவெளியைவிடப் பத்து சதவீதமளவு கூடுதலாகப் பந்து பறக்கிறது என்பதையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். திருச்சபையின் தலைமை அமைப்பான சினாட் அலுவலக வேலையாகச் சென்னைக்குப் போனபோது, கிண்டி குதிரைப் பந்தய மைதானத்துக்குள் இருந்த கோல்ஃப் திடலில் நண்பர் ஒருவருடன் ஆட வாய்த்தது. மலையில் நான் நம்பி வைத்திருந்த 7 ஐயர்ன் தூரம் அங்கே ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து கஜம் குறைந்தது. முதல் நாலு குழி வரை மட்டையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏழில் எனக்கு மிகவும் பிடித்தது பட்டர். குருமனையின் நீண்ட நடையில் ஓர் எவர்சில்வர் தம்ளரைப் படுக்கவைத்து, காலை ஐந்தரை மணிக்கு வேதவாசிப்பு முடிந்ததும் பத்துப் பந்து உருட்டுவேன். மைதானத்துக் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். தம்ளரின் வாய் அதைவிட மிகவும் சிறியது என்பதால், வீட்டில் தம்ளருக்குள் போகும் பந்து மைதானத்தில் தாராளமாகப் போகிறது. தம்ளரில் பந்து மோதும் சத்தம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துவிட்டு விடியற்காலையில்தான் படுக்கும் மகளை எழுப்பிவிடுகிறது என்ற புகார் வந்தபின், தம்ளருக்குள் பழைய கைக்குட்டை ஒன்றைத் திணித்திருக்கிறேன்.

“ஐயா, இது பணக்காரங்க விளையாட்டுன்னு சனங்க பேசிக்கிறாங்க” என்று கமிட்டி மூப்பர் ஒருவர் மெதுவாகச் சொன்னது உண்டு. 1845இல் அமெரிக்க மதுரை மிஷன் ஊழியர்கள் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் தப்பி வந்து வீடு கட்டியதில் தொடங்கிய ஊர் இது. இங்குள்ள கோல்ஃப் கிளப் 1895இல் தொடங்கியது. அதன் புல்வெளியில் உறுப்பினர்களைவிட உரிமையோடு காட்டெருமைகள் மேய்கின்றன. போதகன் நடக்கக் கூடாத இடமாக எனக்கு அது தோன்றவில்லை. ஆயினும் அவருடைய கேள்வியில் நியாயம் இருந்ததால், வாங்கிய ரசீதையே காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஆடுவீர்களா என்றும் கேட்டார். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் இன்றும் ஞாயிறன்று வழக்கமாக ஆட்டம் கிடையாது என்று சொன்னதும் அவருக்கு ஒரு நிம்மதி.

மாதத்துக்கு மூன்று நான்கு முறை ஆடுபவருக்கும், விளையாட்டு தமக்கு ஒத்துவருமா என்று பார்க்க விரும்புபவருக்கும் பழைய அரை செட்டை நான் பரிந்துரைப்பேன். போட்டிகளில் கலந்துகொள்பவருக்கு இது போதாது. கடைக்கு நேரில் போக முடிந்தவர்கள் ஒவ்வொரு மட்டையின் தலையையும் ஒரு கையால் பிடித்து, மறு கையால் ஷாஃப்ட்டை முறுக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். படத்தை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் கிரிப்புகளின் நெருக்கப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பதினான்கு பாகை இடைவெளிக்காக 48 பாகை பிட்சிங் வெட்ஜ் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். விதிப்படி இன்னும் ஏழு மட்டைகளுக்கு இடமிருக்கிறது. மனைவியோ ஒன்றுக்குத்தான் அனுமதி கொடுத்திருக்கிறாள்.