ஐயாவின் கோடாலியும் கருவேலங்காம்பும்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

சிவகங்கை மாவட்டத்தில் உள்ள எங்கள் வீட்டில், அப்பாவின் தகப்பனாரான ஐயா விறகு பிளந்த கோடாலி, மாட்டுக்கொட்டகையின் எறவாணத்தில் பல ஆண்டுகளாகச் செருகிக் கிடந்தது. 2019ஆம் ஆண்டு ஆடி மாதம் கூரையைப் பிரித்து மேய்ந்தபோது அதை எடுத்தேன். காம்பைக் கரையான் தின்று மண்ணாக்கியிருந்தது. இரும்பின் மேல் துரு பொருக்குப் பொருக்காக ஏறியிருந்தது. தலையின் எடை 1,400 கிராம். அதைச் சீராக்கி, கையால் செதுக்கிய காம்பைப் போட்டு, 2021 வைகாசி முதல் நான்கு ஆண்டுகளாக வாரந்தோறும் சீமைக்கருவேல் விறகு பிளந்து வருகிறேன். பழைய கோடாலியைத் தூக்கி எறியலாமா, சீராக்கலாமா என்று தயங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்று கருதி, இந்தக் காலத்தில் எது நிலைத்தது, எது பழுதானது என்பதை எழுதுகிறேன்.

இரும்பு வேலை நான் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. தலை முழுவதும் மூழ்கும்படி ஒரு பிளாஸ்டிக் வாளியில் வினிகர் ஊற்றி ஒரு நாள் ஊற வைத்து, கம்பி பிரஷால் தேய்த்ததும் துரு கறுப்புச் சேறாகக் கழன்று வந்தது. பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, வெயிலில் காய வைத்து, உடனே எண்ணெய் தடவினேன். இந்த அலசலைத் தவிர்த்தால், மிச்சமிருக்கும் அமிலத்தால் மறுநாளே மஞ்சள் துரு படியும். அப்படித் துடைத்தபோதுதான் வெட்டுவாயை ஒட்டி மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்கு இரும்பு கருநிறமாகவும், அதற்குப் பின்னால் வெளிர் சாம்பல் நிறமாகவும் பிரிந்து தெரிந்தது. உடல் மெல்லிரும்பு, வாய்க்கு மட்டும் உருக்கு வைத்து அடித்திருக்கிறார்கள். கரிமம் மிகுந்த உருக்கு அமிலத்தில் கறுக்கும் என்பதால், உலையில் இரண்டையும் சேர்த்து அடித்த அந்தக் கோடு, கரைபோட்ட வேட்டியின் ஓரம் போல அவ்வளவு தெளிவாக நின்றது.

அடுத்து நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். வாயைத் தீட்டுவதற்காக ஒரு பட்டறையில் கொடுத்தேன். அங்கே மின்சாணையில் தண்ணீர் தொடாமல் அழுத்திப் பிடித்ததால், வாயின் ஒரு மூலையில் நகத்தின் அளவுக்கு நீலம் பாய்ந்துவிட்டது. உருக்கின் மேல் நீலம் தோன்றினால் அந்த இடம் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட்டிருக்கிறது என்று பொருள். கொல்லர் காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கடினம் அங்கே இறங்கிவிடும். வீட்டுக்கு வந்து அரத்தை வைத்துப் பார்த்தேன். நல்ல இடத்தில் அரம் லேசாகத்தான் கடித்தது. நீலம் பாய்ந்த இடத்தில் வெண்ணெய்க் கட்டியில் போல இறங்கியது. அந்தச் சூட்டுப்புண் மறையும் வரை வாய் முழுவதையும் நான்கு மில்லிமீட்டர் அராவித் தள்ள வேண்டியதாயிற்று. அன்று முதல் அரமும், தண்ணீர் தொட்ட சாணைக்கல்லும் தவிர வேறெதையும் இந்த வாய்க்குக் காட்டுவதில்லை.

உண்மையில் இந்தக் கோடாலியின் கதை முழுவதும் காம்பின் கதைதான். 2019 ஐப்பசியில், அவசரப்பட்டு, அப்போது வெட்டிய வேப்பங்கிளையையே உருட்டையாகச் செதுக்கிப் போட்டேன். தலை ஆடாமல் இருக்க இரண்டு ஆணிகளையும் அடித்து வைத்தேன். மழைக்காலம் முழுவதும் அது நன்றாகவே உழைத்தது. தை பிறந்து வெயில் ஏறியதும் மரம் சுருங்கி, தலை கடகடவென்று ஆடத் தொடங்கியது. ஊரில் எல்லோரும் செய்வதுபோல நானும் இரவெல்லாம் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டேன். காலையில் கல் போல இறுகியிருந்தது; இரண்டே நாளில் முன்பைவிட அதிகமாக ஆடியது. இதன் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஊறும் மரம் இரும்புத் துளைக்குள் உப்ப இடமில்லாமல் தன் நாரையே நசுக்கிக்கொள்கிறது. காய்ந்ததும் நசுங்கிய அளவுக்கும் சேர்த்துச் சுருங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறை ஊறப்போடும்போதும் காம்பு மெலிந்துகொண்டே போனது. பங்குனியில் ஒரு நாள் ஓங்கி அடித்தபோது தலை கழன்று எட்டடி தள்ளி விழுந்தது. அந்தப் பக்கம் ஆள் யாரும் இல்லாததை நினைத்தால் இன்றும் மனம் நடுங்குகிறது.

அருவாளுக்குப் பெயர் பெற்ற திருப்பாச்சேத்திப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த முதிய கொல்லர் ஒருவரிடம் அந்தத் தலையைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஆணி துருப்பிடித்துக் கறுத்திருந்த மரத்தைப் பார்த்ததும், “பச்சைக் கட்டையிலே காம்பு போட்டா பங்குனியிலே தலை வெளியே வரத்தான் செய்யும் தம்பி. வைரம் பாஞ்ச கருவேலங்கட்டையா எடுத்துக் காய வச்சுட்டு வாங்க” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

எங்கள் தோட்டத்து வேலி ஓரத்தில் சாய்ந்து விழுந்த நாட்டுக் கருவேலமரம் ஒன்றின் அடித்துண்டை எடுத்தேன். அதை ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளந்தேன். அறுத்தால் வாள் போகும் வழியில் நார் வெட்டுப்படும். பிளந்தால் நார் ஓடும் வழியிலேயே கட்டை பிரியும் என்பதால், காம்பின் அடியிலிருந்து நுனிவரை நார் அறுபடாமல் ஓடும். மரத்தின் வெளிப்புறத்தில் வெளுத்திருந்த வெளிற்றைச் செதுக்கித் தள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் செம்பழுப்பான கெட்டி மரமான வைரத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். மரத்தைத் துளைக்கும் உளுப்பு பிடிப்பது பெரும்பாலும் வெளிற்றில்தான். வெடிப்பு விழாமலிருக்க இரண்டு முனைகளிலும் மெழுகை உருக்கிப் பூசி, பரணில் நிழலாகப் போட்டு, மாதம் ஒருமுறை தராசில் நிறுத்தேன். முதலில் 2,800 கிராம் இருந்த கட்டை பதின்மூன்று மாதத்தில் 2,080 கிராமுக்கு இறங்கியது. கடைசி இரண்டு மாதங்களில் எடை மாறவே இல்லை. காய்ந்துவிட்டது என்பதைத் தட்டிப் பார்த்து முடிவு செய்வதைவிட இதுவே நம்பகமான வழி என்று உறுதியாகச் சொல்வேன்.

மரம் செதுக்கும் வாய்ச்சியால் உருவைப் பிடித்து, அரத்தால் அராவி, உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்கினேன். நீளம் இரண்டரை அடி. பிடியை உருட்டையாக விடாமல் முட்டை வடிவமாகச் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாலும் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று உள்ளங்கையே சொல்லிவிடும். தலையைப் பொருத்தத்தான் இரண்டு நாள் பிடித்தது. துளையின் உட்புறத்தில் அடுப்புக்கரியைக் குழைத்துத் தடவி, காம்பை நுழைத்து, கழற்றிப் பார்த்து, கரி ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டுவேன். இப்படிப் பதினேழு முறை. கடைசியில் காம்பை அந்தரத்தில் தலை கீழாகப் பிடித்துக்கொண்டு அதன் அடிமுனையை மரச்சுத்தியலான கொட்டாப்புளியால் தட்டினால், கனத்தினால் இரும்பு நின்ற இடத்திலேயே நிற்க, காம்பு ஒவ்வொரு தட்டுக்கும் நூலளவு உள்ளே இறங்கியது. தோளருகே மரம் மெல்லிய சுருளாகச் சீவிக்கொண்டு வந்தது. துளை கீழே குறுகியும் மேலே இரண்டு மில்லிமீட்டர் அகன்றும் இருக்கிறது. காம்பின் உச்சியில் ரம்பத்தால் கீறி, அதில் காய்ந்த மர ஆப்பை இறக்கியதும், மரம் விரிந்து அந்த அகலத்தை நிரப்பிக்கொண்டது. ஆணி ஒன்றுகூட இல்லை. இதை வைகாசி வெயிலில் செய்ததற்கும் காரணம் உண்டு: மரம் மிகவும் சுருங்கியிருக்கும் காலத்தில் இறுகப் பொருத்தினால், ஆண்டின் மற்ற மாதங்களில் அது தளர வழியில்லை.

எண்ணெயைப் பொறுத்தவரை, வேப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும் மரத்தின் மேல் காய்வதில்லை. பிசுக்காகவே நின்று கை வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு இறுகும். அதை மெல்லிசாக மூன்று முறை பூசினேன். இப்போது ஆண்டுக்கு ஒருமுறை பூசுகிறேன். அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. இறுகும்போது சூடு பிறப்பதால் குவிந்து கிடக்கும் துணி தானாகவே தீப்பற்றும். அதை விரித்துக் கொடியில் காயப் போட்டே எறிய வேண்டும்.

நான்கு கோடைகளும் நான்கு மழைக்காலங்களும் கடந்தும் தலை அசையவில்லை. ஆப்பின் மேல் பென்சிலால் போட்ட கோடு இன்றும் இரும்பின் விளிம்போடு ஒட்டியே இருக்கிறது. பழுதானது வேறு இடத்தில். குறி தவறிக் காம்பே விறகின் மேல் விழும் அடிகளால், தலைக்குக் கீழே நான்கு விரற்கடை தூரத்தில் கழுத்து நசுங்கத் தொடங்கியது. இரண்டாம் ஆண்டில் அங்கே சைக்கிள் டியூபை இழுத்துச் சுற்றினேன்; அதன்பின் நசுங்கல் வளரவில்லை. வாயை முதலில் மிகக் கூர்மையாக, 20 டிகிரி அளவில் தீட்டியிருந்தேன். காய்ந்த சீமைக்கருவேலின் கணுவில் அடித்த ஒரே நாளில் மூன்று இடத்தில் பொரிந்துவிட்டது. இப்போது ஏறத்தாழ 30 டிகிரியில் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை கல்லில் தேய்த்தால் போதுகிறது. சொந்த இனத்தைக் கெடுப்பவரைக் கோடாலிக்காம்பு என்று ஏசும் வழக்கு நம்மிடம் இருப்பதால் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது: இந்தக் காம்பு இதுவரை நாட்டுக் கருவேலமரம் எதையும் தொட்டதில்லை. அது பிளப்பதெல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து எங்கள் கண்மாய்களை அடைத்திருக்கும் சீமைக்கருவேலைத்தான்.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. இரண்டரை அடி என் உயரத்துக்குப் பொருந்துகிறது, அம்மாவுக்கு நீளம். சுள்ளி விறகு வெட்டும்போது காம்பின் நடுவில் பிடித்துக்கொண்டு சிரமப்படுகிறார்கள். அதே மரத்தில் பிளந்த இரண்டாவது கட்டை பரணில் இருக்கிறது. அதில் இரண்டடிக் காம்பு ஒன்றைச் செதுக்கி, சிறிய கோடாலித் தலை ஒன்றில் வரும் வைகாசியில் பொருத்த இருக்கிறேன்.