ஸ்க்ரீன் துணி எத்தனை மீட்டர்? ரிங் மாடலா, ப்ளீட் மாடலா

கிருஷ்ணகிரில புது வீட்டு ஹாலுக்கு ஸ்க்ரீன் தைக்கணும்னதும் வீட்ல ரெண்டு கட்சி ஆகிடுச்சு, அம்மா ப்ளீட், நான் ரிங். கடைசில ரிங் தான் தைச்சோம், அதனால நான் எழுதறது அந்தப் பக்கம் கொஞ்சம் சாஞ்சு தான் இருக்கும்.

அழகு ப்ளீட் தான், அதுல சண்டையே இல்ல. மேல மூணு மூணு மடிப்பா பிடிச்சு ஹூக்ல தொங்கினா அந்த கெத்தே தனி. ரிங்னா துணியோட மேல் ஓரத்துல வளையம் வச்சு அதுக்குள்ள ராடை நுழைக்கிறது, சும்மா அலை அலையா நிக்கும், அவ்ளோதான். தையல் கூலியும் ப்ளீட்டுக்கு கூட.

ஆனா நம்ம பர்ஸைக் கடிக்கிறது கூலி இல்லங்க, துணி. முதல்ல ஜன்னலை அளக்காதீங்க, ராடை அளங்க. எங்க ஹால் ஜன்னல் 5 அடி, ரெண்டு பக்கமும் அரை அடி அரை அடி தள்ளி ராடு, ஆக 72 இஞ்ச். ரிங்குக்கு அகலத்துல ரெண்டு மடங்கு துணி வேணும், ப்ளீட்டுக்கு ரெண்டரை மடங்கு. "அரை மடங்கு தானே"னு கடைல ஈஸியா சொல்லிடுவாங்க. துணியோட பன்னா, அதாவது ரோல்ல வர்ற அகலம், 48 இஞ்ச்னு வச்சுக்கோங்க. ரிங்குக்கு 144 இஞ்ச், சரியா 3 பீஸ் (ஒரு பீஸ்னா முழு பன்னாவுல ஸ்க்ரீன் நீளத்துக்கு வெட்டின ஒரு துண்டு). ப்ளீட்டுக்கு 180, வகுத்தா 3.75, முக்கா பீஸ் யாரும் வெட்டித் தர மாட்டாங்க, 4 பீஸ் வாங்கித்தான் ஆகணும். பன்னா 54 இருந்தா தப்பிச்சிடலாம்னு பார்த்தேன், அங்கயும் ரிங் 3, ப்ளீட் 4 தான் வருது.

இப்ப நீளம். ராடுலருந்து தரை வரைக்கும் 84 இஞ்ச், மேல பக்ரம் (விறைப்பா நிக்க உள்ள வைக்கிற பட்டை) வச்சு மடிக்க, கீழ மடிக்கனு ஒரு 12 சேர்த்தா 96. ரிங்குக்கு 3 பீஸ்னா 288 இஞ்ச், அதாவது 7.3 மீட்டர், ஏழரை வாங்கினா போதும். ப்ளீட்டுக்கு 384 இஞ்ச், பத்து மீட்டர் கிட்ட போகுது. ஒரே ஜன்னலுக்கு ரெண்டரை மீட்டர் வித்தியாசம், லைனிங் வைக்கிறவங்களுக்கு அதுலயும் அதே ரெண்டரை.

பூ டிசைன் எடுத்தா இன்னும் ஏறும். டிசைன் 18 இஞ்சுக்கு ஒரு தடவை திரும்ப வருதுன்னா, பீஸுக்கு பீஸ் பூ நேரா சேரணும்னு 96ஐ 108ஆ ஆக்கி வெட்டணும், பீஸுக்கு 12 இஞ்ச் வேஸ்ட். ரிங் எட்டே கால் மீட்டர் ஆகும், ப்ளீட் பதினொண்ணு. அதான் நாங்க ப்ளெயின் எடுத்தோம் (பூ எனக்கு பிடிக்கவும் பிடிக்காது, அது வேற கதை).

ஒண்ணு மட்டும் ப்ளீட் பக்கம் நியாயமா சொல்லிடணும். ராடு 3 அடி தான்னா ரிங்குக்கு 72 இஞ்ச், ஒண்ணரை பீஸ், ரெண்டா வாங்கணும். ப்ளீட்டுக்கு 90, அதுவும் ரெண்டே பீஸ்ல அடங்கிடும். அந்த மாதிரி சின்ன ஜன்னலுக்கு தாராளமா ப்ளீட் தைங்க, துணில நஷ்டமே இல்ல.

துவைக்கிறதுல ரிங் ஈஸினு தோணுது, ராடை உருவினா கையோட வந்துடும். ப்ளீட் நான் துவைச்சதில்ல, சித்தி வீட்ல ஹூக்கை ஒண்ணொண்ணா கழட்டி மாட்டறத பார்த்ததோட சரி. ரிங் தைக்கிறப்ப டெய்லர்ட்ட "அண்ணா, ஒரு பக்கத்துக்கு ரெட்டைப்படைல ரிங் வைங்க"னு சொல்லிடுங்க, அப்ப தான் ரெண்டு ஓரமும் சுவரு பக்கம் மடங்கி நிக்கும்.

கரூர் காட்டன் எடுத்தா வெட்டறதுக்கு முன்னாடி தண்ணில நனைச்சு காய வச்சுடுங்க, 4 சதவீதம் சுருங்கினாலே 84 இஞ்ச்ல மூணு இஞ்சுக்கு மேல போயிடும், அதுக்கும் சேர்த்து வாங்கணும். பாலியெஸ்டர்னா இந்தத் தொல்லை இல்ல. பெங்களூர் சிக்பேட்டை போய் வாங்கறவங்க மொத்த மீட்டரையும் ஒரே ரோல்ல வெட்டி வாங்கிடுங்க, அப்புறம் ஒரு மீட்டர் பத்தலன்னு திரும்ப போனா அதே கலர் இருக்கும், ஆனா பக்கத்துல வச்சா ஒரு ஷேடு மாறித் தெரியும்.