கோத்தகிரியில் ஆசிரியர்களுக்கான ஒரு நாள் பயிற்சி: முற்பகல் நிறைவு, பிற்பகல் குறை

அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் தன்னார்வ அமைப்பொன்று கோத்தகிரியில் நடத்திய பயிற்சியில் கலந்துகொண்டேன். சிறுவயதில் படும் துன்பங்கள் குழந்தையின் வளர்ச்சியை எவ்வாறு பாதிக்கின்றன என்பதே பொருள். முற்பகல் வகுப்புக்காக மட்டுமே இப்பயிற்சிக்குப் போகலாம் என்று தயங்காமல் சொல்வேன்.

கேட்டி மெக்லாக்லின், மார்கரெட் ஷெரிடன் ஆகிய ஆய்வாளர்கள் 2014-இல் முன்வைத்த பாகுபாட்டை அதில் விளக்கினார்கள். அடி, வசவு, வீட்டுச் சண்டை போன்ற அச்சுறுத்தல் ஒரு வகை. பேச்சும் அரவணைப்பும் கிடைக்காத இல்லாமை மற்றொரு வகை. முன்னது ஆபத்தை எங்கும் தேடும் விழிப்பை மிகையாக்குகிறது. பின்னது மொழியையும் கவனத்தை நிலைநிறுத்தும் திறனையும் பின்தங்க வைக்கிறது. பீரோக் கதவை ஓங்கிச் சாத்தினாலே தோளைக் குறுக்கிக்கொண்டு நம் கைகளையே பார்க்கும் சிறுவனையும், பெற்றோர் கொழுந்து பறிக்கப் போனபின் பேச்சுத்துணையின்றி வளர்ந்து, "உன் பேர் என்ன கண்ணு?" என்றால் சட்டை ஓரத்தைத் திருகிக்கொண்டு நிற்கும் சிறுமியையும் நாம் ஒன்றுபோலவே 'மந்தம்' என்று ஒதுக்கிவிடுகிறோம். அவனுக்கு வேண்டியது அச்சமற்ற, மாறாத நடைமுறை. அவளுக்கு வேண்டியது கதையும் பாட்டும் ஓயாத உரையாடலும். தாயைக் குறைசொல்வதில் பொருளில்லை. 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே விதித்தது. அங்கே தொட்டிலும் பாலும் இருந்தால் மட்டும் போதாது, குழந்தையோடு பேச ஆள் வேண்டும்.

ருமேனியாவின் புக்கரெஸ்ட் ஆய்வைச் சொன்னபோது அறையே அமைதியாயிற்று. ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள்; இரண்டு வயதுக்குள் சென்றவர்களிடம் முன்னேற்றம் கூடுதலாகத் தெரிந்தது.

இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டியவர்கள், பிற்பகலில், எத்தனை வகைத் துன்பங்கள் நேர்ந்தன என்று எண்ணும் பத்துக் கேள்வித் தாளொன்றைக் கொடுத்து ஒவ்வொரு குழந்தைக்கும் மதிப்பெண் போடச் சொன்னது எனக்கு ஏற்புடையதாக இல்லை. 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வின் வழியில் வந்த அந்த எண்ணிக்கை, பெருந்திரளான மக்களைப் பற்றிப் பொதுவாகப் பேசவே உதவும். தனி ஒருவரை அதை வைத்துக் கணிக்கலாகாது என்று அந்த ஆய்வாளர்களுள் ஒருவரான ராபர்ட் ஆண்டாவே 2020-இல் எச்சரித்திருக்கிறார். அடி வாங்கியவனும் கவனிப்பாரற்றவளும் அதில் ஒரே மதிப்பெண் பெறுவார்கள். எவருக்கு என்ன செய்வது என்பது தெரியாது.

கையேடும் ஆங்கிலத்திலேயே இருந்தது. தமிழில் கையேடும், பிற்பகலில் பிள்ளைகளோடு பேசிப் பழகும் பயிற்சியும் இருந்தால், குன்னூர், கூடலூர் ஆசிரியர்களையும் கட்டாயம் போகச் சொல்வேன்.