ஊட்டிக்குப் போய் மனுவா, 1100க்கு ஃபோன் செய்வதா?

நீலகிரி மாவட்டம் பந்தலூர்ப் பக்கம் முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டால், தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் சொல்வது?

திங்கள்கிழமை ஊட்டி கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும். வழியில் வரும் கூடலூரில் இருந்தே சுமார் 50 கிலோமீட்டர். பஸ் காசு போக, தேயிலைக் கொழுந்து பறிக்கும் அன்றைய கூலியும் போச்சு. ஆனாலும் பட்டா, வாரிசுச் சிக்கல் மாதிரி காகிதம் காட்டிப் பேச வேண்டியதற்கு இதுதான் சரி. துறை அதிகாரிகளும் அங்கேயே இருப்பார்கள். மனுவின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும், ரசீது வாங்காமல் மலை இறங்காதீர்கள்.

முதலமைச்சரின் உதவி மையத்துக்கு எண் 1100. தமிழில் வாயால் சொன்னால் போதும், எழுதத் தெரியாதவருக்கும் வசதி. மனு எண்ணைக் குறித்துவைத்தால் அப்புறம் நிலவரம் கேட்கலாம். தெருவிளக்கு, குடிநீருக்கு நான் இதைத்தான் சொல்வேன், மழைக்காலத்தில் டவர் கிடைத்தால்!