துளை போட மாட்டோம் என்றார்கள், மூன்று துளை போட்டார்கள்: 1,640 பவுண்டு போச்சு

பழைய ஸ்டீல் ரோட் பைக்குக்கு எலக்ட்ரானிக் கியர் மாட்டக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். 1,640 பவுண்டு. முந்தாநாள்தான் பாட்டம் பிராக்கெட்டை (பெடல் அச்சு சுழலும் பகுதி) கழற்றி உள்ளே பார்த்தேன். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. எழுத்தில் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைப் பெயரைப் போடவில்லை, கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என்பதால். லண்டனில், பழைய சைக்கிள்களைப் புதுப்பிப்பதையே தொழிலாகச் சொல்லிக்கொள்ளும் சின்னப் பட்டறை. அவ்வளவு போதும்.

ஃபிரேம் 80களின் கடைசியில் இத்தாலியில் செய்தது, கொலம்பஸ் எஸ்எல் என்ற மெல்லிய ஸ்டீல் குழாய், பாட்டம் பிராக்கெட்டில் இத்தாலியன் மரை. வேலைச் சீட்டில் எழுதியது இவை: ஷிமானோ அல்டெக்ரா ஆர்8050 டிஐ2 (ஷிமானோவின் வயர் வழி எலக்ட்ரானிக் கியர்), 11 ஸ்பீடு (பின்னால் 11 பல்சக்கரம்), ரிம் பிரேக். சீட் போஸ்ட்டுக்குள் பிடி-டிஎன்110 பேட்டரி, புதுசு. 126 மில்லியாக இருக்கும் பின்பக்க இடைவெளியை (பின் சக்கரம் உட்காரும் அகலம்) 130க்கு கோல்டு செட் செய்து, அதாவது சூடாக்காமல் வளைத்து விரித்து, டிராப்-அவுட் (ஆக்சில் உட்காரும் பிளவு), ஹேங்கர் (செயினை மாற்றும் பின் டெரெய்லரை மாட்டும் இடம்) இரண்டையும் நேராக்குவது. வயர் முழுக்க வெளிப்புறம், துளை கிடையாது. கடைசி வரியை நானே சொல்லி எழுத வைத்தேன்.

(வயர்லெஸ் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். 2015இல் அறிவித்த ஸ்ராம் ரெட் இடேப் என்ற வயர்லெஸ் கியர், இந்த மாதிரி ஃபிரேமுக்குச் சரியான ஜோடிதான். ஆனால் அதன் 11 ஸ்பீடு சாமான்களும் பின்னால் வந்த 12 ஸ்பீடு ஏஎக்ஸ்எஸ் சாமான்களும் ஒன்றோடொன்று பேசாது. இன்று பழைய டெரெய்லர் உடைந்தால் செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும். அதனால்தான் டிஐ2.)

நம்பிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் ஃபிரேமைத் தூக்கி, கீழ்க்குழாயை விரல் நகத்தால் ஹெட் டியூப் பக்கம் ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு. சத்தம் மாறியது. "இங்கே 0.9 மில்லி, நடுவில் 0.6. இதில் டிரில் வைக்கிறவனை உள்ளே தள்ளணும்" என்றார். பிறகு வெர்னியரை எடுத்துப் பின்பக்கத்தை அளந்து 126.4 என்று காட்டினார். எஸ்எல் குழாயின் கனம் மனப்பாடமாகத் தெரிந்தவர் கையில் கொடுக்காமல் வேறு யாரிடம் கொடுப்பது? கார்டு என்றால் 1,720, பேங்க் டிரான்ஸ்ஃபர் என்றால் 1,640 என்றார். அங்கேயே நின்று போனில் 1,640 பவுண்டை அனுப்பினேன். அந்த 80 பவுண்டு ஆசை எவ்வளவுக்கு வேட்டு வைத்தது என்று பின்னால் வருகிறது.

பத்து நாள் என்றது மூன்று வாரம் ஆனது. வண்டி வந்தபோது பளபளவென்று இருந்தது. கீழ்க்குழாயின் அடியிலும் வலது செயின்ஸ்டேயிலும் (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்) கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. வயருக்குப் பாதுகாப்பு என்றார்கள். சரி என்று ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அறுபது கிலோமீட்டருக்குள் இரண்டு கோளாறு. பின்னால் பெரிய பல்சக்கரங்களில் சத்தமில்லாமல் ஓடும் செயின், சின்னச் சக்கரங்களுக்கு வந்ததும் பக்கத்துச் சக்கரத்தை உரசிக் கரகரக்கிறது. அடுத்து, முன் டெரெய்லர் ஒரேயடியாக நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தினால் மோட்டார் முனகல்கூட இல்லை.

போன் செய்தேன். முதல் பதில்: "சார்ஜ் போடுங்க. பேட்டரி இறங்கினா முன் டெரெய்லர்தான் முதலில் நிற்கும்." இது பாதி உண்மை, அதனால்தான் கேட்பவர் ஏமாறுவார். டிஐ2 அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. முதலில் முன்பக்கம் நிற்கும், கடைசியில் பின்பக்கம். ஆனால் ஸ்டெம்முக்குக் கீழே இருக்கும் வயர்கள் சேரும் ஜங்ஷன் பெட்டியின் பொத்தானை அழுத்திப் பிடித்தால் விளக்கே சொல்லிவிடும். பச்சை இரண்டு விநாடி நின்று எரிந்தால் பேட்டரி முழுசு. பச்சை ஐந்து முறை மின்னினால் பாதி. சிவப்பு நின்று எரிந்தால் கால்வாசி. எனக்குப் பச்சை, நின்று எரிந்தது. வீடியோ எடுத்து அனுப்பினேன். அடுத்த பதில், ஃபர்ம்வேர் அப்டேட் செய்யணும். அதற்கடுத்தது, புதுச் செயின் பழக 200 கிலோமீட்டர் ஆகும். வேலை பார்த்த பையன் லீவு என்றது நான்காவது. ஐந்தாவதாக, ஓட்டிவிட்டீர்கள், இனி அது உங்கள் பொறுப்பு. அதன் பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும்தான்.

சரி, நானே பிரிப்போம் என்று உட்கார்ந்தேன்.

கறுப்பு டேப்பை உரித்தேன். கீழ்க்குழாயின் அடியில் ஒரு துளை. செயின்ஸ்டேயில் ஒன்று. முன் டெரெய்லரைக் கழற்றினால் அதன் பின்னால் சீட் டியூபில் மூன்றாவது. டிஐ2 வயருக்கு ஷிமானோ 6 மில்லி துளைக்கென்று ஒரு ரப்பர் கிராமெட் விற்கிறது, எஸ்எம்-ஜிஎம்01. விலையும் ஒன்றும் பெரிதில்லை. அதுகூடப் போடவில்லை. துளையின் ஓரத்தை அரம் வைத்துத் தேய்க்கவில்லை, பெயின்ட் தொட்டு வைக்கவில்லை. விரலை வைத்தால் கீறுகிறது, அதில் அதற்குள் செந்துரு பூத்திருக்கிறது. கீழ்க்குழாய்த் துளை எங்கே தெரியுமா? சுவர் தடித்த முனையில் இல்லை. நகத்தால் தட்டிக் காட்டினாரே, அதே 0.6 மில்லி நடுப்பகுதியில்.

அடுத்து பாட்டம் பிராக்கெட். ஹாலோடெக் வகையில் இருபக்கமும் திருகும் இரண்டு பேரிங் கப்புக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் உறை வரும். வயரும் உள் ஜங்ஷனும் அந்த உறைக்கும் அதைச் சுற்றியுள்ள ஃபிரேம் ஷெல்லுக்கும் இடையில் தளர்வாகக் கிடக்க வேண்டும். கப்பைத் திருகும்போது வயர் உறையின் விளிம்பில் ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது அரை நிமிட வேலை. பார்க்கவில்லை. முன் டெரெய்லரின் வயர் கப்புக்கும் உறைக்கும் நடுவே நசுங்கி, தோல் உரிந்து, உள்ளே இருக்கும் இரண்டு இழையில் ஒன்று அறுந்தே போயிருந்தது. இதற்குத்தான் ஃபர்ம்வேர் அப்டேட்டாம்!

சீட் போஸ்ட்டை உருவினேன். பில்லில் பிடி-டிஎன்110. உள்ளே இருந்த பேட்டரியின் மேல் எஸ்எம்-பிடிஆர்2 என்று அச்சடித்திருக்கிறது. பழைய மாடல். உருவத்தில் அண்ணன் தம்பி, அதே இடத்தில் உட்காரும், கியரும் மாறும். ஆனால் முன் பின் டெரெய்லர்களைச் சேர்த்து மாற்றும் சின்க்ரோ ஷிஃப்ட் அதில் வேலை செய்யாது. குழாய்க்குள் போகிற சாமானை யார் உருவிப் பார்க்கப் போகிறார்கள் என்ற துணிச்சல். சந்தேகம் இருப்பவர்கள் எஸ்எம்-பிசிஆர்2 சார்ஜரை விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகி இ-டியூப் புராஜெக்ட் என்ற ஷிமானோ மென்பொருளைத் திறந்தால், வண்டியில் உள்ள ஒவ்வொரு சாமானும் மாடல் பெயரோடு வரிசையாக வந்துவிடும்.

கடைசியில் கோல்டு செட். பின் சக்கரத்தைக் கழற்றியதும் டிராப்-அவுட் இரண்டும் உள்ளே சுருங்கின. அளந்தேன், 126.4. அன்று வெர்னியர் காட்டிய அதே 126.4! ஃபிரேமை விரிக்கவே இல்லை. கையால் இழுத்து 130 மில்லி சக்கரத்தைத் திணித்திருக்கிறார்கள். அப்படித் திணித்தால் டிராப்-அவுட் இரண்டும் இணையாக நிற்காது. ஆக்சில் வளையும், ஒருநாள் உடையவும் உடையும். ஹேங்கரும் கூடவே சாயும். பழைய 6 ஸ்பீடு ஃப்ரீவீலில் (பின் பல்சக்கரத் தொகுதி) பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் ஐந்தரை மில்லி அளவில் இடைவெளி, அதனால் கொஞ்சம் சாய்வை மன்னித்துவிடும். 11 ஸ்பீடில் அது 4 மில்லிக்கும் குறைவு. மோட்டார் ஒவ்வொரு முறையும் அச்சுப் பிசகாமல் நகரும், ஆனால் சாய்ந்த ஹேங்கரிலிருந்து நகரும். பெரிய பல்சக்கரத்துக்குச் சரிசெய்தால் சின்னதில் உரசும், சின்னதற்குச் சரிசெய்தால் பெரியதில் தாவும். எத்தனை முறை மைக்ரோ அட்ஜஸ்ட் செய்தாலும் தீராது.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு பக்கத்துக்கு 2 மில்லி வீதம் கொஞ்சம் கொஞ்சமாக விரிக்கணும். ஒவ்வொரு முறையும் ஒரு டிராப்-அவுட்டில் நூலைக் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றி மறு டிராப்-அவுட்டுக்கு இழுத்து, சீட் டியூபுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றா என்று அளக்கணும். பிறகு டிராப்-அவுட்டை அதற்குரிய கருவி போட்டு இணையாக்கி, அதற்கும் பிறகுதான் ஹேங்கர் கேஜ் வைத்து ஹேங்கரை நேராக்கணும். ஸ்டீல் என்பதால் இதெல்லாம் முடியும். அலுமினியத்திலோ கார்பனிலோ இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அரை நாள் வேலை, பில்லில் காசும் வாங்கிவிட்டார்கள்.

துளையும் தேவையே இல்லை என்பதுதான் ஆத்திரத்தைக் கிளறுகிறது. வெளிப்புற வயருக்கென்றே ஷிமானோவில் எஸ்எம்-ஜேசி40 ஜங்ஷன் இருக்கிறது. பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில் அதை வைத்து, கீழ்க்குழாயின் அடியில் ஒட்டும் உறைக்குள் வயரைக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது. என் ஃபிரேமில் ஷெல்லுக்கு அடியில் கட்-அவுட் ஜன்னல் இருக்கிறது, அக்கால இத்தாலிய ஃபிரேம்கள் பலவற்றில் இருக்கும். பேட்டரி வயர் சீட் டியூபிலிருந்து அந்த வழியாகவே இறங்கி வந்துவிடும். ஜேசி40ஐ ஆர்டர் போட்டு வரும்வரை காத்திருக்கச் சோம்பல். கையில் டிரில் இருந்தது.

இனி பணம். நூறு பவுண்டுக்கு மேல் முப்பதாயிரத்துக்குள் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 1974 கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டத்தின் 75ஆம் பிரிவில் கார்டு கம்பெனியையே கேட்டிருக்கலாம். டெபிட் கார்டு என்றால் பேங்க் வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக்காவது முயன்றிருக்கலாம். பேங்க் டிரான்ஸ்ஃபருக்கு இரண்டும் இல்லை. 80 பவுண்டு தள்ளுபடியில் 1,640 பவுண்டுக்கான காப்பை நானே கழற்றிக் கொடுத்திருக்கிறேன். மிச்சம் இருப்பது 2015 கன்ஸ்யூமர் ரைட்ஸ் சட்டம். வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்திருக்க வேண்டும் என்கிறது. இங்கிலாந்தில் பத்தாயிரம் பவுண்டு வரை ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் கேட்கலாம். திங்கட்கிழமை 14 நாள் கெடு வைத்துக் கடிதம் போடுகிறேன்.

விரிவாக அறிவுரை எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். கொடுப்பதற்கு முன் ஃபிரேமைச் சுற்றிப் படம் எடுங்கள், அடிப்பக்கமும் சேர்த்து. திரும்ப வாங்கும்போது கடையிலேயே சீட் போஸ்ட்டை உருவிப் பேட்டரியின் பெயரைப் படியுங்கள், பின் சக்கரத்தைக் கழற்றி இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். டேப் ஒட்டியிருந்தால் அங்கேயே உரியுங்கள். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்குங்கள். நான் கேட்கவில்லை. பழைய டெரெய்லர்கள் இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கின்றன.