ஃப்யூஸ் கட்டையை எடுத்துவிட்டு டிபி மாட்டிய பிறகு: வடசென்னை வீடுகளின் நாள்பட்ட அனுபவம்

ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை பக்கத்துப் பழைய வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே அந்தப் பலகை இன்னும் இருக்கிறது. ஈபி மீட்டர், பக்கத்தில் இரும்புக் கைப்பிடி வைத்த மெயின் சுவிட்ச், கீழே வரிசையாக நாலைந்து வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள். இதை எடுத்துவிட்டு எம்சிபியும் (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும், அதாவது 'விழும்' சுவிட்ச்) ஆர்சிசிபியும் (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் விழும் சுவிட்ச்) உள்ள டிபி பெட்டி (வீட்டு லைன்களைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) மாட்டிய வீடுகள் எப்படி ஓடுகின்றன, எங்கே தகராறு வருகிறது என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறோம். மாற்றிய செலவு வீண் போகவில்லை. ஆனால் பெட்டியை மட்டும் மாற்றி, வயரிங்கையும் எர்த்தையும் அப்படியே விட்ட வீடுகளில் ஆர்சிசிபி ஓயாமல் விழும். தொல்லை தாங்காமல் யாராவது அதன் வழியாகக் கரண்ட் போகாதபடி பைபாஸ் செய்துவிடுவார்கள். அந்தப் பெட்டி பழைய பீங்கானைவிட ஆபத்து. பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பி வீட்டில் எல்லோரும் ஈரக் கையோடு சுவிட்சைத் தொடுவார்கள்.

பீங்கான் கட்டையில் குறை பாதி, அதில் கட்டும் கம்பியில் பாதி. 5 ஆம்பியர் கட்டைக்கு 0.2 மி.மீ. வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி போட வேண்டும். நடப்பில் யார் அதை வாங்கி வைத்திருக்கிறார்கள்? ராத்திரி ஃப்யூஸ் போனால் கையில் கிடைக்கும் வயரை உரித்து இழையை எடுத்துக் கட்டுவார்கள். 1.5 சதுர மி.மீ. வயரில் 0.3 மி.மீ. இழை 22 இருக்கும். அதில் ஒன்று உருகவே சுமார் 13 ஆம்பியர் வேண்டும். மூன்றை முறுக்கிப் போட்டால் 40 ஆம்பியரை நெருங்கும். சுவருக்குள் ஓடுவதோ பழைய 3/22 வயர் (22 கேஜ் கம்பி மூன்று சேர்ந்தது), சுமார் 1.2 சதுர மி.மீ. கட்டையில் உள்ள கம்பி உருகுவதற்குள் வயரின் தோல் கருகிவிடும். இன்னொன்று, பழைய மெயினில் நியூட்ரலுக்கும் ஒரு ஃப்யூஸ் இருக்கும். அது மட்டும் போனால் வீடு இருட்டாகும், ஆனால் ஃபேஸ் உயிரோடு இருக்கும். கரண்ட் இல்லை என்று நினைத்து ஹோல்டரில் கை வைப்பவருக்கு அடி நிச்சயம். புது டிபியில் நியூட்ரலுக்கு ஃப்யூஸே கிடையாது.

சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு எட்டு வழி டிபி போதும். மெயினுக்கு ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் அறுக்கும் 40 ஆம்பியர் டபுள் போல் எம்சிபி, அடுத்து 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. லைட், ஃபேன் லைனுக்கு 1.5 சதுர மி.மீ. வயரும் 6 அல்லது 10 ஆம்பியர் எம்சிபியும், பவர் பிளக்குக்கு 2.5-ம் 16-ம், ஏசிக்கு 4-ம் 20-ம். எம்சிபி காப்பது வயரை, பொருளை அல்ல. விழுகிறதே என்று 3/22 வயரில் 20 ஆம்பியர் மாட்டினால் மூன்று இழை முறுக்கிய கதைதான். ஏசி, மோட்டாருக்கு சி கர்வ் வகை எம்சிபி வாங்குங்கள்; ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்ட்டுக்கு பி கர்வ் விழுந்துவிடும். எம்சிபியின் முகத்தில் 10000 என்று அச்சிட்டதையே கேளுங்கள்; அது பத்திரமாக அறுக்கக்கூடிய ஷார்ட் சர்க்யூட் கரண்ட், ஆம்பியரில். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீடுகளில் ஷார்ட் சர்க்யூட் கரண்ட் பெரிதாக இருக்கும். இன்வெர்ட்டர் ஏசி, புது வாஷிங் மெஷின் உள்ள வீட்டுக்கு ஆர்சிசிபி ஏ டைப் தேவை. உறையில் ஒரே அலைக்கோடு இருந்தால் அது ஏசி டைப் (ஆர்சிசிபியின் ஒரு வகைப் பெயர், ஏசி மெஷின் அல்ல). கீழே அரை அலைகளும் வரைந்திருந்தால் ஏ டைப். பாரிமுனையில் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுப்பவர்கள் ஐஎஸ்ஐ முத்திரையோடு உள்ள உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்துவிட்டே காசு கொடுக்கட்டும்.

மீட்டருக்கு முன்னால் உள்ள ஃப்யூஸும் சீலும் ஈபியுடையவை. பிரிவு அலுவலகத்தில் சொல்லி லைனை எடுக்கவைத்து, சான்று பெற்ற வயர்மேனை வைத்தே மாற்றுங்கள். மாட்டுவதற்கு முன்னால் அவர் ஒவ்வொரு லைனையும் 500 வோல்ட் மெக்கரில் (வயரின் தோல் கசிகிறதா என்று அளக்கும் கருவி) பார்க்க வேண்டும். பிளக்கெல்லாம் கழற்றி, பல்பெல்லாம் எடுத்த பிறகு 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. மரப்பட்டியில் ஓடும் ரப்பர் தோல் வயர் இதில் தேறுவது அபூர்வம். அலுமினிய வயர் இருந்தால் செம்போடு நேராக முறுக்காதீர்கள். அந்த இணைப்பு சூடாகி நாளாவட்டத்தில் கரியும்.

எர்த்தில் வடசென்னைப் பழைய வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்தில் பல வீடுகளில் தண்ணீர்க் குழாயோடு எர்த் கம்பியைக் கட்டிவிட்டார்கள். இரும்புக் குழாய் பிவிசியாக மாறியபோது எர்த்தும் போய்விட்டது, கம்பி மட்டும் தொங்குகிறது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் 230 வோல்ட் காட்டுவதை வைத்து நம்பிவிடக் கூடாது, அரைகுறை எர்த்தும் அதைக் காட்டும். எர்த் டெஸ்டரில் ஓம் பார்க்கச் சொல்லுங்கள், அது குறைவாக இருந்தால்தான் நல்ல எர்த். புதிதாகப் போட்டால் 40 மி.மீ. ஜிஐ குழாய், 2.5 மீட்டர் நீளம். கடலோர மண்ணில் ஈரமும் உப்பும் இருப்பதால் ஓம் சுலபமாகக் குறையும், குழாயும் அதே வேகத்தில் அரிக்கும். குழியில் மேலும் உப்புக் கொட்ட வேண்டாம். ஆண்டுக்கொரு முறை மூடியைத் திறந்து கிளாம்ப் போல்ட்டைப் பாருங்கள். முதலில் போவது அதுதான்.

இனி, ஆர்சிசிபி விழும் கதை. 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் கசிவு 15-ஐத் தாண்டினாலே அது விழலாம். ஃப்ரிட்ஜ், கெய்சர், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுவது சேர்ந்துவிடும். அதனால் ஃப்ரிட்ஜுக்கு ஆர்சிசிபிக்கு முன்னாலிருந்தே லைன் எடுத்து, தனி ஆர்சிபிஓ (எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றாக உள்ளது) கொடுப்பது நல்ல ஏற்பாடு. ஊருக்குப் போயிருக்கும்போது வேறு லைனில் குறை வந்தாலும் உள்ளே இருப்பது கெடாது. எல்லோரையும் குழப்புவது நியூட்ரல் லீக். ஒவ்வொரு லைனுக்கும் உள்ள எம்சிபி ஃபேஸை மட்டும்தான் அறுக்கும். கொல்லைப்பக்க லைட்டில் ஓதம் இறங்கி நியூட்ரல் எர்த்தைத் தொட்டிருந்தால், அந்த எம்சிபியை அணைத்தாலும் லீக் நிற்காது. கெய்சர் போட்டதும் ஆர்சிசிபி விழும், கெய்சரில் ஒரு குறையும் இருக்காது. அதை மாற்றிக் காசைக் கரைத்தவர்கள் உண்டு. மெயினை அணைத்து, நியூட்ரல் பாரில் (நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேரும் உலோகப் பட்டை) ஒவ்வொரு வயராகக் கழற்றி எர்த்தோடு மெக்கர் வைத்தால் குற்றவாளி லைன் தெரிந்துவிடும். ஐப்பசி மழையில் விழுந்து தை மாதத்தில் சரியாகிவிட்டால் சுவர் ஓதம் அல்லது மாடி மோட்டார் சுவிட்ச் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். இன்வெர்ட்டருக்கு ஃபேஸ் ஆர்சிசிபிக்கு முன்னாலிருந்தும், லைட் லைன் நியூட்ரல் அதற்குப் பின்னால் உள்ள பாருக்கும் போனால், ஒரு டியூப் லைட் போட்டாலே விழும். இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தாக வேண்டும். மெயினை இறக்கினாலும் அந்த லைனில் 230 வோல்ட் இருக்கும். இன்வெர்ட்டரையும் அணைக்காமல் யாரும் ஸ்குரூ டிரைவரை எடுக்கக் கூடாது. இதைப் பெட்டிக் கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

நாள்பட ஓடும் பெட்டிகளில் கடற்காற்றின் வேலை நன்றாகத் தெரிகிறது. தகரப் பெட்டி ஓரங்களில் துரு ஏறி, பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு படிகிறது. காசிமேடு, திருவொற்றியூர் கடலோரத் தெருக்களுக்கு பாலிகார்பனேட் பெட்டிதான் சரி. வயர் நுழையும் ஓட்டைகளை அடைக்காவிட்டால் பல்லி உள்ளே போய் ஷார்ட் ஆகும். எம்சிபிகளுக்கு இடையே வயரை வளைத்து லூப் போட்ட பெட்டிகளில்தான் கருகல் பார்க்கிறோம், சீப்பு போன்ற செம்பு பஸ்பார் போட்டவற்றில் அநேகமாக இல்லை. மாட்டிய ஒரு மாதத்தில் மெயினை அணைத்து எல்லா ஸ்குரூவையும் ஒருமுறை இறுக்குங்கள். பல இழை வயர் அமுங்கித் தளர்ந்திருக்கும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்துங்கள். ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டவற்றில் சில அழுத்தினாலும் அசையாது. அதை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.

வியாசர்பாடி, கொடுங்கையூர் போல 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் நின்ற பகுதிகளில் தரைத்தள பிளக்குகளை நாலடி உயரத்துக்கு ஏற்றி, டிபியைத் தலை உயரத்தில் வையுங்கள். தண்ணீர் ஏறுவதற்கு முன்பே மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிடுங்கள்; ஏறிவிட்டால் தண்ணீரில் நின்றுகொண்டு கை வைக்காமல் ஈபியைக் கூப்பிடுங்கள், அதன் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. மூழ்கிய எம்சிபி, ஆர்சிசிபியை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட வேண்டாம். உள்ளே சேறும் உப்பும் தங்கியிருக்கும். அவற்றைப் புதிதாக மாற்றி, சுவர் பெட்டிகளைத் திறந்து காயவிட்டு, மெக்கரில் ஒவ்வொரு லைனும் 1 மெகா ஓம் தாண்டிய பிறகே அந்தந்த எம்சிபியை ஏற்றுங்கள்.